மணவாளக்குறிச்சி மணலும் ஓசூர் வண்டியும்



ஓசூரைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் அங்கு மலரும் ரோஜாவைப் புகழ்வர். அல்லது அங்கு எழுந்துள்ள தொழிற்சாலைகளை எண்ணிக் காட்டுவர். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் இவ்விரண்டும் அன்று. அது கண்ணுக்குப் புலப்படாத ஒரு பூச்சு. இப்பகுதியில் உருவாகி வெளிவரும் பெட்ரோல் இருசக்கர வண்டியின் புகைக்குழாய்க்குள் தேன்கூடு போன்ற ஒரு சிறு கட்டி பொருத்தப்பட்டிருக்கும். அதன் நுண்ணிய துளைகளின் சுவரெங்கும் மெல்லிய பூச்சு ஒன்று படிந்திருக்கும். அப்பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலைமிக்க உலோகங்களோடு, வழக்கமாகச் சேர்க்கப்படும் ஒரு மண் உண்டு. அதுவே சீரியம் ஆக்சைடு. எஞ்சினிலிருந்து வரும் நச்சுப்புகை வெளிக்காற்றிற் கலக்குமுன் தீங்கற்றதாக மாறுவதற்கு இம்மண் துணைசெய்கிறது.

இம்மண் நம் தமிழகக் கடற்கரையிலேயே கிடைப்பது. அதன் தன்மையை நுணுகி ஆராய்ந்த அறிஞர் சிலர் ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரில் இருந்தனர். அதனைப் பயன்கொள்ளும் வண்டிகளோ ஓசூரில் உருவாகின்றன. பொருளும் அறிவும் தொழிலும் இவ்வளவு அருகருகே அமைந்திருந்தும், இம்மூன்றும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள ஒரு நூற்றாண்டு பிடித்தது. அந்த நூற்றாண்டின் வரலாறே என் பேச்சின் பொருள்.

சீரியம் என்னும் தனிமம் 1803-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. சுவீடன் நாட்டில் பெர்சீலியஸ், ஹிசிங்கர் என்னும் இருவரும், ஜெர்மனியில் கிளாப்ரோத் என்பவரும், ஒருவரையொருவர் சாராமல் அதே ஆண்டில் இதனைக் கண்டனர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1801-இல், வானிற் கண்டறியப்பட்ட சீரிஸ் என்னும் சிறுகோளின் பெயரை இதற்குச் சூட்டினர். சீரிஸ் என்பது உரோமானியரின் தானியத் தெய்வத்தின் பெயர். பெயர் சிறப்புடையதாயினும், ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் வரை இத்தனிமத்தை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கேட்பார் இல்லை.

அதற்கு முதல் மதிப்பைத் தேடித் தந்தது விளக்கு. என் வயதை ஒத்தவர்கள் திருமண ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையிற் சுமந்து செல்வோரைக் கண்டிருப்பார்கள். அவ்விளக்கின் உயிர்நிலை அதில் தொங்கும் வெண்ணிற வலை. மாண்டில் என்று நாம் அழைத்த அவ்வலையை உருவாக்கியவர் ஆஸ்திரிய நாட்டு வேதியியலறிஞர் கார்ல் ஆவர் என்பவர். பல ஆண்டுகள் முயன்று, 1891-ஆம் ஆண்டில் அவர் சரியான கலவையைக் கண்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்சைடு. ஒரே ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. அந்த ஒரு பங்கு இல்லையேல் வலை மங்கலாகவே எரியும். அது சேர்ந்தால் இரவு பகலாகும்.

தோரியமும் சீரியமும் மோனசைட்டு என்னும் கனிமத்தில் ஒருங்கே கிடைப்பன. அந்நாளில் பிரேசில் நாட்டு மணலிலிருந்தே ஐரோப்பியர் மோனசைட்டைப் பெற்றுவந்தனர். 1909-ஆம் ஆண்டில் ஷாம்பர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு மின்னுவதைக் கண்டார். கயிற்றை விற்றவருக்கு அது மணல். வாங்கியவருள் ஒருவருக்கு அது செல்வம். அடுத்த சில ஆண்டுகளில் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை எழுந்தது. நம் கடற்கரை ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளுக்குப் பொருள் தரலாயிற்று.

அதே 1909-ஆம் ஆண்டிலேயே பெங்களூரில் இந்திய அறிவியற் கழகம் நிறுவப்பெற்றது. ஜாம்செட்ஜி டாட்டாவின் கொடையும் மைசூர் அரசு அளித்த நிலமும் அதற்கு அடிப்படை. மணலின் மதிப்பு அயலாருக்குப் புலப்பட்ட ஆண்டும், அதனை ஆராயவல்ல கழகம் நம் அருகில் தோன்றிய ஆண்டும் ஒன்றே என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். இவ்விரண்டும் சந்திப்பதற்கு வெகுகாலம் ஆயிற்று.

விளக்கு வணிகத்தில் ஒரு சிக்கல் இருந்தது. வலைக்கு வேண்டியது பெரும்பாலும் தோரியம். மோனசைட்டிலோ தோரியம் குறைவு. சீரியமும் அதன் உறவுத் தனிமங்களுமே மிகுதி. ஆகவே தோரியத்தை எடுத்த பின்னர்ச் சீரியம் கழிவாய்க் குவிந்தது. அக்குவியலைக் கண்ட ஆவர், 1903-இல், சீரியத்தோடு இரும்பைக் கலந்து, உரசினால் பொறி பறக்கும் ஒரு கலப்பு உலோகத்தை அமைத்தார். சிகரெட் பற்றவைக்கும் லைட்டரில் நாம் காணும் சிறு கல் அதுவே. ஒரு பொருளைக் கழிவென்பதும் செல்வமென்பதும் அதனை நோக்குவோரின் அறிவைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முதல் உலகப்போர் மூண்டதும், ஜெர்மானியத் தொடர்பு கொண்டிருந்த மணல் தொழில் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பின்னர் மின்விளக்கு பரவவே, வலையின் தேவை குறைந்தது. ஆனால் அணுவைப் பிளக்கும் வித்தை வெளிப்பட்டபோது தோரியத்தின் மீது உலகத்தின் பார்வை மறுபடியும் விழுந்தது. விடுதலைக்குப் பின்னர் இந்திய அரசு மோனசைட்டை அணுசக்திக்குரிய பொருளாகக் கருதித் தன் கட்டுப்பாட்டில் வைத்தது. 1950-ஆம் ஆண்டில் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தோன்றியது. 1952-இல் கேரளத்து ஆலுவாயில் மோனசைட்டைப் பகுக்கும் ஆலை திறக்கப்பட்டது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, மணவாளக்குறிச்சி மணலும் நம்முடையதாயிற்று. ஆனால் அப்பொழுதும் எல்லோர் நாவிலும் தோரியமே நின்றது. சீரியம் கண்ணாடியை மெருகேற்றவும், லைட்டர்க் கல் செய்யவும் பயன்பட்டது, அவ்வளவே.

இனி, கடற்கரையை விட்டு எல்லைப்புறத்துக்கு வருவோம். தமிழ்நாடு அரசு 1971-இல் சிப்காட் நிறுவனத்தை அமைத்தது. அதன் முயற்சியால் ஓசூரில் தொழிற்பேட்டை வளர்ந்தது. 1980-ஆம் ஆண்டில் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலை ஓசூரில் இயங்கத் தொடங்கிற்று. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 என்னும் சிறுவண்டி ஓசூரிலிருந்து புறப்பட்டு நாடெங்கும் ஓடலாயிற்று. கேழ்வரகும் நிலக்கடலையும் விளைந்த மேட்டுநிலம் வண்டிகள் விளையும் நிலமாயிற்று. வண்டி பெருகினால் புகையும் பெருகும். அப்புகையை என் செய்வது என்னும் வினா, அமெரிக்க நாட்டில் முன்னரே எழுந்துவிட்டது. அந்நாடு 1970-இல் தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975-ஆம் ஆண்டு முதல் அங்குக் கார்களின் புகைக்குழாயில் வினையூக்கி பொருத்தலாயினர்.

வினையூக்கி என்பது, தான் தீர்ந்துபோகாமல் பிற பொருள்களின் வினையை விரைவுபடுத்தும் பொருள் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். புகைக்குழாயில் அது செய்யவேண்டிய வேலை எளிதன்று. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலாவியும் ஆக்ஸிஜனைப் பெற்றால்தான் தீங்கு நீங்கும். நைட்ரஜன் ஆக்சைடுகளோ தம்மிடமுள்ள ஆக்ஸிஜனை இழந்தால்தான் தீங்கு நீங்கும். ஒன்றுக்குக் கொடுக்கவேண்டும், மற்றொன்றிடமிருந்து வாங்கவேண்டும். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு எடையில் கலந்தால் இரண்டும் ஒருங்கே நடைபெறும். ஆனால் வண்டி ஏறியும் இறங்கியும், விரைந்தும் நின்றும் ஓடும்போது அவ்விகிதம் நொடிக்கு நொடி தடுமாறும்.

இத்தடுமாற்றத்தைத் தாங்கும் தன்மை சீரியம் ஆக்சைடிடம் இருப்பதைப் போர்டு மோட்டார் நிறுவனத்து ஆய்வாளர் முதலியோர் உணர்ந்தனர். அந்நிறுவனத்தில் இத்துறைக்கு வழிகாட்டியவருள் ஒருவர் இந்தியாவிற் பிறந்த ஹரேன் காந்தி. வண்டிப்புகையைத் தூய்மையாக்கிய பணிக்காக 2002-ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவருக்கு வழங்கப்பெற்றது.

சீரியத்தின் தன்மையைக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மக்களுக்கு விளக்குவது கடினமன்று. கர்நாடகத்தில் நந்தி மலையிற் பிறந்து ஓசூர் வழியே வரும் தென்பெண்ணையில், 1950-களில் கிருஷ்ணகிரி அணை கட்டப்பட்டது. வெள்ளம் வந்தால் அணை தன்னுள் வாங்கிக்கொள்கிறது. வறட்சி வந்தால் வயலுக்கு விடுகிறது. ஆறு தடுமாறினும் பயிர் தடுமாறுவதில்லை. புகையில் ஆக்ஸிஜன் மிகும்போது சீரியம் ஆக்சைடு அதனை வாங்கிக்கொள்கிறது. குறையும்போது தன்னிடமிருப்பதைக் கொடுக்கிறது. ஆக்ஸிஜனுக்கு அது ஓர் அணை.

அணையில் எவ்வளவு நீர் உள்ளது என்பதை அளவுகோல் நட்டு அறியலாம். சீரியம் ஆக்சைடில் கொடுத்து வாங்கத்தக்க ஆக்ஸிஜன் எவ்வளவு என்பதை எவ்வாறு அறிவது? அதற்கு அறிஞர் கைக்கொண்ட அளவுகோல் ஹைட்ரஜன். ஆக்ஸிஜனைக் கண்டால் அதனோடு சேர்ந்து நீராக மாறுவது ஹைட்ரஜனின் இயல்பு. சீரியம் ஆக்சைட்டுத் தூளை ஒரு குழாயில் இட்டு, ஹைட்ரஜன் கலந்த வாயுவை அதன்மீது செலுத்தி, வெப்பத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போவார்கள். எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஹைட்ரஜன் செலவாகிறது என்று குறித்துக்கொள்வார்கள். போர்டு ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த யாவோ என்னும் பெயருடைய இருவர் 1984-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு அடிக்கல்லாயிற்று. ஹைட்ரஜன் ஒரே சீராகச் செலவாகவில்லை. 500 பாகை செல்சியஸ் அளவில் ஒரு முறையும், 800 பாகையை ஒட்டி மற்றொரு முறையும் செலவு உச்சத்தை எட்டிற்று. முதல் உச்சம் தூளின் மேற்பரப்பில் உள்ள ஆக்ஸிஜனைக் குறிப்பது. இரண்டாவது உள்ளே ஆழத்தில் உள்ளதைக் குறிப்பது. வாசலில் வைத்த நெல்லை உடனே அள்ளலாம். குதிருக்குள் இருப்பதை எடுக்க நேரமும் உழைப்பும் வேண்டும் அல்லவா? வண்டி ஓடும்போது நொடிப்பொழுதில் உதவுவது பெரும்பாலும் வாசல் நெல்லே. ஆகவே மேற்பரப்பை மிகுவிக்க வேண்டும், தூளை நுண்ணியதாக்க வேண்டும் என்னும் வழி தெளிவாயிற்று.

அம்மேற்பரப்பில் நிகழ்வது என்ன என்பதையும் சிறிது காண்போம். ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்கள் கைகோத்த இணை. அவ்விணை எளிதிற் பிரியாது. சீரியம் ஆக்சைட்டின் பரப்பில் சீரியமும் ஆக்ஸிஜனும் பக்கம்பக்கமாய் நிற்கின்றன. அங்கு வந்து படியும் இணையை அவை இருபுறமும் இழுக்கின்றன. ஓர் அணு ஆக்ஸிஜனைப் பற்றுகிறது. மற்றொன்று சீரியத்தின் பக்கம் சாய்ந்து, அங்கு நிலைகொள்ளாமல் அடுத்த ஆக்ஸிஜனுக்குத் தாவுகிறது. இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டாகின்றன. ஹைட்ரஜன் கொண்டுவந்த எலக்ட்ரான்களைச் சீரியம் ஏற்றுக்கொண்டு, நான்கு என்னும் இணைதிறனிலிருந்து மூன்றுக்கு இறங்குகிறது. வெப்பம் மிகுந்தால் அருகருகே உள்ள ஹைட்ராக்சில்கள் இரண்டும் கூடி, நீராவியாய்ப் பிரிந்துபோகின்றன. போகும்போது ஓர் ஆக்ஸிஜனைத் தம்முடன் கொண்டுபோவதால் அவ்விடத்தில் ஒரு வெற்றிடம் எஞ்சுகிறது. வெளிர்மஞ்சள் நிறமாயிருந்த தூள் கருநீலமாய் மாறுகிறது. மறுபடியும் காற்றுப் படும்போது அவ்வெற்றிடம் நிரம்புகிறது, மஞ்சள் திரும்புகிறது. ஆக்ஸிஜனை இழந்தும் குலையாமல், பெற்றும் பெருக்காமல், தன் கட்டமைப்பை நிலைநிறுத்திக்கொள்ளும் இவ்வாற்றலே சீரியம் ஆக்சைட்டின் சிறப்பு.

இவ்வினை தனியே நடக்க மிகுந்த வெப்பம் வேண்டும் என்று கண்டோம். பல்லேடியமோ பிளாட்டினமோ அதன்மீது சிறிது இருப்பின், ஹைட்ரஜனின் இணையை அவ்வுலோகம் எளிதிற் பிரித்துப் பக்கத்திலுள்ள சீரியம் ஆக்சைட்டுக்கு வழியவிடும். வேண்டிய வெப்பம் வெகுவாய்க் குறையும். ஆனால் இவ்வுலோகங்களின் விலை பொன்னோடு வைத்து எண்ணத்தக்கது. குறைந்த உலோகத்தைக் கொண்டு நிறைந்த பயனைப் பெறுவது எவ்வாறு?

இவ்விடத்தில்தான் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தின் பங்கு வருகிறது. அங்குப் பேராசிரியர் கே.சி. பாட்டீல் 1980-களில் ஓர் எளிய முறையை வளர்த்தார். உலோக நைட்ரேட்டுகளை யூரியா போன்ற எரிபொருளோடு நீரிற் கரைத்துச் சூடேற்றினால், கரைசல் கொதித்து, நுரைத்து, தானே பற்றியெரிந்து, சில நிமிடங்களில் நுண்ணிய ஆக்சைட்டுத் தூளைத் தரும். பேராசிரியர் எம்.எஸ். ஹெக்டேயும் அவருடைய மாணவரும் இம்முறையைக் கொண்டு பல்லேடியத்தைச் சீரியம் ஆக்சைட்டின் மேலே துகளாக ஒட்டவைக்காமல், அதன் கட்டமைப்புக்குள்ளேயே அயனியாகப் புகுத்தினர். நூறு சீரியத்துக்கு இரண்டு பல்லேடியம் என்னும் அளவே போதுமானதாயிற்று. ஒவ்வொரு பல்லேடியமும் தனித்தனியே நின்று வேலைசெய்ததால், துகளின் உட்புறத்தில் வீணாய்ப் புதைந்துகிடப்பது இல்லாதொழிந்தது. ஹைட்ரஜன் சோதனையிலும் அத்தூள் மிகக் குறைந்த வெப்பத்திலேயே தன் ஆக்ஸிஜனைக் கொடுத்தது. ஹெக்டே, கிரிதர் மதராஸ், பாட்டீல் ஆகிய மூவரும் 2009-இல் இவ்வாராய்ச்சிகளைத் தொகுத்து உலக அறிஞருக்கு அறிவித்தனர். கழகம் தோன்றி அப்போது சரியாக நூறாண்டு. மணவாளக்குறிச்சி மணல் ஐரோப்பியர் கண்ணிற் பட்டும் நூறாண்டு.

சீரியத்தின் கதை அத்துடன் முடியவில்லை. ஆக்ஸிஜனைக் கொடுத்து வாங்குவது மட்டுமே அதன் தொழில் என்று கருதப்பட்டுவந்தது. 2012-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர அறிஞர், விலைமிக்க உலோகம் எதுவும் கலவாத சீரியம் ஆக்சைடே அசெட்டிலீனுக்கு அளவோடு ஹைட்ரஜனை ஊட்டி எத்திலீனாக மாற்றி, அதற்குமேல் போகாமல் நிறுத்திக்கொள்கிறது என்று காட்டினர். பிளாஸ்டிக் தொழிலுக்கு இன்றியமையாத வினை இது. 2017-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தார் நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி, ஆக்ஸிஜனைச் சிறிது இழந்த சீரியம் ஆக்சைடில் ஹைட்ரஜன் அணு சீரியத்தையே நேராகப் பற்றி நிற்பதைக் கண்டறிந்தனர். முன்னர்க் கூறிய வெற்றிடங்கள் குறையல்ல; ஹைட்ரஜன் தங்குதற்கு அமைந்த இடங்கள் என்பது இதனாற் புலனாயிற்று.

நம் நாட்டில் இவையெல்லாம் மக்களை வந்தடைந்தது சட்டத்தின் வழியாகவே. 1995-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் வினையூக்கியைக் கெடுத்துவிடும்; ஆதலின் 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயம் நீக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் கடுமையான விதி இருசக்கர வண்டிகளுக்கும் வந்தது.

இப்பொழுது காலம் மறுபடியும் திரும்புகிறது. புகைக்குழாயே இல்லாத மின்வண்டிகள் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் உருவாகத் தொடங்கிவிட்டன. 2023-ஆம் ஆண்டு பிப்பிரவரியில், ஹைட்ரஜனையே எரிபொருளாகக் கொண்ட லாரியை அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் பெங்களூரிற் காட்சிக்கு வைத்தன. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் ஆக்குவது இந்திய அரசு 2023-இல் வகுத்த குறிக்கோள். அப்படியாயின் சீரியம் மீண்டும் கழிவுக்குவியலுக்குத் திரும்பிவிடுமோ என்று கேட்கலாம். அதன் வரலாறு அவ்வாறு கருத இடம்தரவில்லை. விளக்குக்கு நூற்றில் ஒரு பங்காய் வந்தது, லைட்டரிற் பொறியாயிற்று, கண்ணாடியை மெருகேற்றிற்று, புகைக்குழாயில் அணையாயிற்று. ஹைட்ரஜனோடு இவ்வளவு நெருங்கிப் பழகும் ஒரு பொருளுக்கு ஹைட்ரஜன் யுகத்தில் வேலை கிடைக்காமற் போகாது.

வேலை கிடைக்குமா என்பது பற்றி எனக்கு ஐயமில்லை. அவ்வேலையை அதற்கு யார் கண்டுபிடித்துக் கொடுப்பர் என்பதே என் கவலை. கயிற்றில் ஒட்டிய மணலை 1909-இல் ஒருவர் உற்றுநோக்கினார். அதன் பயனை அவர் நாடும் அவரைச் சார்ந்தோரும் பெற்றனர். மணலைத் தந்த கரைக்குக் கூலி கிடைத்தது. மோனசைட்டு கதிரியக்கம் உடையது; அது விளையும் கரையில் மீனவர் குடும்பங்கள் வாழ்கின்றன. தங்கள் கரையும் உடலும் என்னாகும் என்று அவர்கள் கேட்கும் வினாவுக்குத் தெளிவான விடை சொல்லிய பின்னரே மணலை அள்ளவேண்டும். அவ்வளவு விலைகொடுத்து எடுக்கும் பொருளை வெறும் மூலப்பொருளாய் விற்றுவிட்டு, அதனின்று செய்த நுட்பமான பொருளை அயல்நாட்டிலிருந்து பன்மடங்கு விலைக்கு வாங்குவோமாயின், அது கரைக்கும் அழகன்று, நாட்டுக்கும் அழகன்று.

என்னிடம் படித்த மாணவர் பலர் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தொழிற்சாலைகளிற் பணிபுரிகின்றனர். புகைக்குழாயைப் பொருத்துகிறார்கள், சோதிக்கிறார்கள், கணக்கு வைக்கிறார்கள். தங்கள் கையில் நாள்தோறும் புரளும் தேன்கூட்டுக் கட்டிக்குள் நம் கரையில் விளையும் மண்ணினமும், பக்கத்து நகரம் வளர்த்த அறிவும் உண்டு என்பதை அவர்களுட் பலர் அறியார். அது அவர்கள் குறையன்று. பள்ளிப் பாடத்தில் சீரியத்துக்குக் கிடைத்த இடம் அட்டவணையில் ஒரு கட்டம் மட்டுமே. ஆசிரியர்கள் மணவாளக்குறிச்சி மணலில் ஒரு பிடியை வகுப்பறைக்குக் கொண்டுவரலாம். காந்தத்தை அதன்மீது நீட்டினால் கரிய இல்மனைட்டு ஒட்டிக்கொள்ளும். எஞ்சும் மணியில் ஜிர்கான் இருக்கும். மாணிக்க நிறத்துக் கார்னெட் இருக்கும். தேன்நிறத்து மோனசைட்டும் இருக்கும். அந்த ஜிர்கானிலிருந்து பெறும் ஜிர்கோனியத்தைக் கலந்தால்தான் சீரியம் ஆக்சைடு எஞ்சினின் வெப்பத்தை நெடுங்காலம் தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். இரண்டையும் ஒரே கரையில் இயற்கை வைத்திருக்கிறது.

அதனை உற்றுநோக்கும் கண் அடுத்த முறை நம் பிள்ளைகளுடையதாய் இருக்கவேண்டும். மணலும் ஆய்வுக்கூடமும் தொழிற்சாலையும் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. அவற்றை இணைப்பது கல்வி ஒன்றே. அதனைப் பள்ளி அளவிலேயே தொடங்குவோமாக.